கடைசிப் பத்து கெஜம்

திருவொற்றியூர் மைதானத்தில் பந்தோடு ஓடியவர்கள் ராயபுரத்தில் அலெக்ஸாண்டர் வீட்டு அடுப்படியில் வந்து நிற்க ஆரம்பித்தது, வஞ்சிரம் விலை ஏறி ஜனங்கள் சங்கராவுக்கு இறங்கிய அதே வாரத்தில்தான். முதலில் வந்தவனுக்குத் தலையில் கம்பி வைத்த ஹெல்மெட், தோள் இரண்டிலும் தலையணை கட்டியது போல அட்டை, கக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அலெக்ஸாண்டரின் மனைவி ஜூடி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமலே, "ஷூவ வெளிய வுட்டுட்டு வர்றதுக்கு இன்னா நைனா? இப்பத்தான் தொடச்சேன்" என்றாள். அவன் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "பாயிண்ட் உண்டாக்கா?" என்று கேட்டான். "எனுக்கின்னா தெரியும், மீனு உண்டு" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து மைதானத்துக்குத் திரும்பினான். தோள் அட்டைக்காக டிரைவர் இரண்டு ஆள் இடம் கணக்குப் பண்ணினார்.

அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கபடியில் பேர் எடுத்தவர். வழக்கில் மாட்டிய கப்பல் ஒன்று நகர முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தபோது, அதிலிருந்த அமெரிக்க மாலுமிகள் காசிமேட்டு மணலில் அந்தப் பந்தைப் போட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அலெக்ஸாண்டர் பார்த்தார், சேர்ந்தார், கப்பல் போனபோது பந்தைத் தனக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் அதை அமெரிக்கன் ஃபுட்பால் என்றார்கள், ஊர் முட்டைப்பந்து என்றது. எதிராளி அமுக்குவதற்குள் பந்தை அணைத்துக்கொண்டு மைதானத்தின் கோடிக்கு ஓடி, கடைசிப் பத்து கெஜத்துக்குள் கால் வைத்துவிட்டால் ஆறு பாயிண்ட். இதைக் கற்றுக்கொள்ள வந்த பையன்களை அவர் முதலில் பந்தைத் தொடவே விடவில்லை. விழத்தான் கற்றுக்கொடுத்தார். "முட்டிய தரைல குத்தாதடா. தோளக் குட்த்து உருளு. ஓட்றது நாயிகூட ஓடும், வுயுந்து எந்திரிக்கிறவன்தான் ஆட்டக்காரன்." அவரிடம் பயின்றவன் எவனுக்கும் எலும்பு முறிந்ததில்லை. அதுதான் அவருடைய பேர். அவருக்கு வேறு சொத்து கிடையாது.

பிறகு பம்பாய்க்காரர்கள் இந்த ஆட்டத்துக்கு ஒரு லீக் ஆரம்பித்தார்கள். கன்டெய்னர் யார்டு முதலாளி ஆறுமுகநயினார் 'எண்ணூர் சுறாஸ்' என்ற டீமை ஏலத்தில் எடுத்து, அலெக்ஸாண்டரை மாதச் சம்பளத்துக்கு கோச்சாக வைத்தார். இரண்டே சீசனில் சுறாஸ் அரையிறுதிக்கு வந்தது. அன்றைக்கு டீமிலேயே வேகமான கால், வண்ணாரப்பேட்டை அஃப்ரித்தின் கால், முட்டி வீங்கி நின்றது. அலெக்ஸாண்டர் ஐஸ் வைத்து அவனை பெஞ்சில் உட்கார்த்தினார். நயினார் மேடையில் போட்டிருந்த சோபாவிலிருந்து இறங்கி வந்து, "எறக்கு" என்றார்.

"முடியாதுங்க. முட்டி பூடும்."

"டீமு யார்து?"

"டீமு உங்குளுது. முட்டி அவன்து."

நயினாரின் ஆட்கள் இரண்டு பேர் அலெக்ஸாண்டரைக் கோட்டுக்கு வெளியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நயினார் அஃப்ரித்தின் தோளில் கை போட்டு, காதில் ஏதோ சொல்லி, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். அஃப்ரித் ஓடினான், கடைசிப் பத்து கெஜத்தில் போய் விழுந்தான், டீம் ஜெயித்தது, முட்டி போனது. அன்று சாயந்திரமே நயினார் டிவிக்காரர்களின் மைக்கில், "கோச்சோட பேராசை. சொல்லச் சொல்லக் கேக்காம எறக்கிட்டாரு. வேலையவுட்டு எடுத்துட்டோம்" என்று சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அலெக்ஸாண்டர் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் அடுத்த ஆள் நகர்ந்து உட்கார்ந்தார்.

அஃப்ரித்தின் அம்மா ரஹீமுன்னிசா தையல்காரி. விழுந்ததில் தலையிலும் அடிபட்டு மகன் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்க, டிவியில் சொன்னதைக் கேட்டு மைதானத்துக்குப் போனாள். அவன் விழுந்த இடத்தில் குனிந்து மண்ணை வாரினாள். கூட வந்தவள், "நம்மள்ல இந்த மாரி சாபமெல்லாம் கெடியாதுக்கா" என்றாள். "எம் புள்ளைக்குக் காலும்தான் கெடியாது" என்று சொல்லிவிட்டு நேரே ராயபுரம் வந்து, அலெக்ஸாண்டரின் வாசலில் நின்று தூற்றினாள். "எம் புள்ள எந்த எடத்துல வுயுந்தானோ அந்த எடம் உன் வூட்டுக்குள்ள வந்து குந்தட்டும். அதுலதான் நீ துன்னணும், தூங்கணும்." அவர் வாசலில் கை கட்டி நின்று முழுக்க வாங்கிக்கொண்டார்.

விடிந்தபோது அந்த இடம் வந்து உட்கார்ந்திருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் பழைய வீடுதான். உள்ளே கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே வெள்ளைக் கோட்டோடு பத்து கெஜம் புல்தரை. ஜூடி அதில் துணி காயப்போட்டாள், பக்கத்து வீட்டார் வடகம் காயப்போட்டார்கள். அந்த ஞாயிறுதான் ஃபைனல். இந்தக் கோடி அந்தக் கோடி என்ற பேதமில்லை, எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசிப் பத்து கெஜத்துக்குள் கால் வைத்தால் ஜூடியின் அடுப்படிதான். காலால் உதைத்துப் பார்த்தார்கள், பந்து மட்டும் வந்து குழம்பில் விழுந்தது. யாருக்கும் பாயிண்ட் இல்லாமல் ஃபைனல் அடுத்த ஞாயிறுக்குப் போனது, அதற்கடுத்த ஞாயிறுக்கும் போனது. வேறு ஊரில் வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்தும் வந்தார்கள், திரும்பிப் போக ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் அஃப்ரித் கண் விழித்து நடந்ததைச் சொன்னதும் ரஹீமுன்னிசா ஓடி வந்தாள். "ஆள் மாறி தூத்திட்டேன் தம்பி. நான் போட்டத நானே எட்த்துக்குனு பூட்றேன்." அலெக்ஸாண்டர் அவளுக்கு நாற்காலி போட்டார். "வேணாங்க்கா. இது சாபம்னு யாரு சொன்னா? இங்கியே கெடக்கட்டும். அந்தாளு வரட்டும்." அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மூச்சிரைக்க வந்து நிற்பவனிடமெல்லாம் அலெக்ஸாண்டர் ஒன்றையே சொல்லி அனுப்பினார். "பாயிண்டு கோச்சாண்ட கீதுன்னு ஒங்க மொதலாளிகிட்ட சொல்லு."

நயினார் முதலில் ஆள் விட்டு மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினார். லாரி கல்மண்டபம் தாண்டுவதற்குள் காலியாக இருந்தது. வீட்டுக்குள் புல் முன்பைவிட அடர்த்தியாக முளைத்தது. டீமின் பேரையே அடித்துவிடுவோம் என்று லீக்காரர்கள் சொன்ன பிறகுதான் நேரில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். "இன்னா வேணும் அலெக்ஸு?"

"எனுக்கு ஒண்ணும் வாணாம். அஃப்ரித்த உள்ள தள்ளுனது யாருன்னு, என் பேரக் கெடுத்த அதே மைக்குல சொல்லு."

"சொன்னா?"

"சொன்னா மண்ண நான் எடுத்துர்றேன்" என்றாள் ரஹீமுன்னிசா.

அடுத்த ஞாயிறு மைதானம் நிறைந்திருந்தது. நயினார் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு ஒரு தப்பு நடந்துடிச்சி. யாரு மேலயும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்றார். கைதட்டுக்காக நின்றார். முன் வரிசையிலிருந்து ரஹீமுன்னிசா எழுந்தாள். "நடந்துச்சா? அதுக்கின்னா கால் கீதா, தானா நடக்க? கால் போனது எம் புள்ளைக்கி." நயினார் மைக்கைக் கீழே வைத்தார்.

அவர் சொல் மாறினாலும் தன் சொல் மாறாமல், ரஹீமுன்னிசா ராயபுரம் போய் அலெக்ஸாண்டர் வீட்டு மண்ணை முந்தானை நிறைய அள்ளினாள். புல்தரை அந்த முந்தானைக்குள் போய், கட்டிலும் அடுப்பும் பழையபடி ஒட்டி நின்றன. எடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். எங்கே போடுவேன் என்று சொல்லவில்லை. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் நயினார் கட்டியிருந்த மூன்று மாடி பங்களாவின் வாசலில் நின்று, சத்தம் போடாமல், வயலில் விதைக்கிற மாதிரி தூவினாள்.

நயினார் வீட்டை விற்கப் பார்த்தார். பார்க்க வந்தவர்கள் மேல் ஆட்டக்காரர்கள் வந்து விழுந்தார்கள். சோற்றில் கை வைக்கும் நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக வந்தார்கள். அவர் டீமை விற்றார். வாங்கியவர்கள் அலெக்ஸாண்டரைத் திரும்ப கோச்சாகக் கூப்பிட்டார்கள், பையன்களும் திரும்பி வந்து முதலில் விழக் கற்றுக்கொண்டார்கள். லீக் சட்டத்தில், மைதானத்தின் கடைசிப் பத்து கெஜம் தேரடி பங்களாவின் ஹாலில் உள்ளது என்று ஒரு வரி சேர்ந்தது. அங்கே பாயிண்ட் சொல்ல அம்பயர் வேண்டும் என்பதால் அஃப்ரித்தைச் சம்பளத்துக்குப் போட்டார்கள். ஞாயிறுதோறும் அவன் நயினாரின் சோபாவில் உட்கார்ந்து, மடங்காத காலை டீபாய் மேல் நீட்டிக்கொண்டு, யாராவது வந்து விழுந்தால் இரண்டு கையையும் தூக்குவான். நயினார் வீட்டில் அவனுக்கு டீ கொடுக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

மேட்சுக்கு முன்னால் அலெக்ஸாண்டர் டீமை நிற்க வைத்து எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக ஒன்று சொல்வார். மழைக்காலத்தில் இரண்டு தரம் சொல்வார். "உள்ள போவ சொல்ல ஷூவத் தொடைக்காதீங்கடா."