எந்தப் பெருசு?

ஜூன் 11, புதன்கிழமை. ஒரு தவறு: ஃபோனில் "எந்தப் பெருசு?" என்று கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

அவளுடைய டைரியில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது. மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரு பக்கம் எழுதுகிறவள் அவள். எழுதியதை மறுநாள் படித்துப் பார்த்து, நாலு இடத்தில் அடித்துத் திருத்தி, இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று தன்னையே நொந்துகொள்வாள். அன்றைக்கு மட்டும் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

ஃபோன் வந்தபோது பார்சல் ஆபீசில் எடை மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதிரே ஒரு அம்மாள் சுவர்க் கடிகாரம் ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உடையாதுல்ல? உடையாதுல்ல?" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். திரையில் பட்டறைக்காரர் பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. காரைப் பட்டறையில் விட்டு மூன்று வாரமாகிறது. தினமும் ஒரு ஃபோன், தினமும் ஒரு புது வியாதி. முதலில் கேஸ்கட் என்றார். பிறகு இஞ்சினையே இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இறக்கிப் பார்த்துவிட்டு, ஏன் இறக்கினோம் என்றிருக்கிறது என்றார்.

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றாள்.

"தங்கச்சி..." மறுமுனையில் மூச்சு வாங்கியது. "பெருசு போயிடுச்சு தங்கச்சி."

அவர்கள் வீட்டில் பெருசு என்றால் கார். அப்பா வைத்த பெயர். நாலு லட்சம் கிலோமீட்டரை எட்டிப் பிடிக்கப் போகிற கார் அது. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். "பெருசு இன்னைக்கு இருமுது", "பெருசை அவசரப்படுத்தாதே", "பெருசுக்கு ஏத்தம்னா ஆகாது" என்றுதான் வீட்டில் பேச்சு. மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றித்தான் வழக்கு. அண்ணன் பிரித்து எடைக்குப் போடு என்றான். சித்தப்பா விற்றுவிடலாம், ஆள் இருக்கிறது என்றார். அப்பா மட்டும், "நாலு லட்சம் ஓடட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். நடுவில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொன்னவள் அவள்தான். பட்டறைக்காரரிடம் இருந்தது அவளுடைய நம்பர்.

"அப்பாடா" என்றாள். "போகட்டும் விடுங்கண்ணே. இதுக்கு மேல அதைக் கட்டிக்கிட்டு யாரால மாரடிக்க முடியும்? எங்க வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. பிரிச்சுப் போட்டுடுங்க. கிடைச்சது கிடைக்கட்டும்."

மறுமுனையில் யாரோ சுத்தியலைக் கீழே வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"தங்கச்சி" என்றார் பட்டறைக்காரர். "நான் அப்பாவைச் சொல்றேன்."

பட்டறையில் பெருசு என்றால் அப்பா. அங்கே காருக்குப் பெயர் வெறும் வண்டிதான். தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பதும், அங்கே அவருக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது என்பதும் அந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது.

அவள் கடிகாரத்தின் எடையைக் குறித்தாள். ரசீது போட்டுக் கிழித்துக் கொடுத்தாள். "உடையாதும்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏன் அந்த ரசீதைப் போட்டோம் என்று அவளுக்கு இப்போதும் விளங்கவில்லை.

*

வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். வாடகை நாற்காலிகள் வாசல்வரை நின்றன. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்படி ஆச்சு? அம்மாவும் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் ஒரே பதிலைச் சொன்னாள்.

"காருக்குள்ள உக்காந்திருந்தாராம். அப்படியே போயிட்டாராம்."

"ஓட்டும்போதா? ஐயய்யோ!"

"எங்க ஓட்டுறது? இஞ்சினே இல்லாத காரு."

கேட்டவர்களுக்கு இதற்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. பெரியத்தை மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு, "இஞ்சின் இல்லாத காருல போய் ஏன் உக்காந்தான்?" என்று கேட்டாள்.

"உங்க தம்பிதானே, நீங்களே கேளுங்க" என்றாள் அம்மா.

சித்தப்பா அண்ணனை ஜன்னலோரம் ஒதுக்கிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். அவருடைய தாழ்ந்த குரல் தெருமுனைவரை கேட்கும்.

"இப்ப பேசுறதுக்கு இல்லதான். ஆனா அந்த ஆளு நாளைக்கு ஊருக்குப் போறானாம். வண்டியைப் பாத்தா எடுத்துப்பான்."

"சித்தப்பா, இஞ்சின் தனியா கிடக்குது. யாரு எடுப்பான்?"

"இருக்கிறபடியே எடுப்பான்டா. ஆனா ஆளு உள்ள உக்காந்து செத்த வண்டின்னு தெரிஞ்சா விலையைக் குறைப்பான். அதான், விஷயம் வெளிய போறதுக்குள்ள..."

"வாசல்ல இத்தனை நாற்காலி போட்டிருக்கு. இனி எங்க வெளிய போறது?"

"இதுக்குத்தான் உங்கப்பாகிட்ட அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வித்துடு, வித்துடுன்னு. கேட்டாரா?"

"நானும்தான் பிரிச்சுடலாம்னேன். யாரு கேட்டாங்க?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போய்ப் பேசுங்களேன்" என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அப்பா மேல் அவ்வளவு உயிர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டதும் அவளுக்கு அங்கேயே எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பாடா என்று சொன்ன வாய் இன்னும் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறைக்காரர் வந்தார். சட்டையை மாற்றியிருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. கையிலிருந்த பையிலிருந்து அப்பாவின் செருப்பை எடுத்து வாசலில், மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் ஓரமாக வைத்தார். உள்ளே வந்து அப்பாவின் காலடியில் சற்று நேரம் நின்றார்.

சித்தப்பா விடவில்லை. "நல்லவேளை வந்தீங்க. வண்டியை என்ன பண்றதுன்னு உங்ககிட்ட யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

பட்டறைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தங்கச்சி காலையில ஃபோன்ல சொன்னாங்க."

அண்ணன் அவளைப் பார்த்தான். அம்மாவும் தலையைத் திருப்பினாள்.

"என்ன சொன்னா?" என்றார் சித்தப்பா.

"யோசிச்சுச் சொல்றேன்னாங்க" என்றார் பட்டறைக்காரர்.

"அப்ப சரி" என்றான் அண்ணன். "அவளே சொல்லட்டும். அவதானே அதுல ஏறி இறங்கினவ. என்னை ஆளை விடுங்க."

"இவ எதையும் சட்டுன்னு சொல்ல மாட்டாளே" என்றார் சித்தப்பா. "சட்டை வாங்கப் போனாலே ரெண்டு நாள் யோசிப்பா."

*

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் முழுதாகச் சாயவில்லை. நாற்காலிக்காரர் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போனார். குளித்துவிட்டு வந்த அம்மா கூடத்தின் நடுவில் நின்று திடீரென்று, "கண்ணாடி எங்க?" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?"

"உங்கப்பா கண்ணாடிதான். கண்ணாடி இல்லாமலே அனுப்பிட்டோமே. அது இல்லாம அவருக்குக் கைவிரல்கூடத் தெரியாதே."

"அம்மா, இப்ப அதை வச்சு..."

"காருலதான் இருக்கும். போய் எடுத்துட்டு வா."

"நாளைக்குப் போறேனே."

"இப்பப் போ."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அலுப்பும் கோபமுமாக வந்தது. யார்மேல் கோபம் என்று வரிசையாகப் பார்த்தாள். சித்தப்பா, அண்ணன், அம்மா, பட்டறைக்காரர். கடைசியில் அப்பாமேல்தான் வந்து நின்றது. மாலை வகுப்புக்கு ஆபீஸ் வாசலிலேயே பஸ் இருக்கிறது. "நான் பஸ்ல போய்க்கிறேன்பா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! கேட்க மாட்டார். காரை எடுத்துக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பார். வழியில் பெருசு இருமும், நிற்கும். அவள் இறங்கித் தள்ளுவாள். வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்குள் நுழையும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது அவர் அதே மரத்தடியில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். ஜன்னலைத் தட்டி எழுப்ப வேண்டும்.

சரி, நானே ஓட்டுகிறேன் என்று லைசென்ஸும் எடுத்தாள். அதுவும் நடக்கவில்லை. டிரைவர் சீட் அப்பாவின் நெட்டைக் காலுக்கு ஏற்றபடி பின்னால் போய் இறுகிவிட்டது. அவளுக்குக் கிளட்ச் எட்டாது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தும் எட்டவில்லை. "துருப் புடிச்சுடுச்சும்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அப்பா. "முடியாதுங்க" என்று பட்டறைக்காரரும் ஒத்து ஊதினார்.

பட்டறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். பெருசு மூலையில் நின்றது. முன்மூடி திறந்து கிடக்க, உள்ளே இஞ்சின் இருந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து அதன்மேல் இஞ்சினை வைத்திருந்தார்கள். ஒரு ஆளை இறக்கி உட்கார வைத்ததுபோல் இருந்தது.

பட்டறைக்காரர் எழுந்து வந்தார். அப்பாவின் கண்ணாடியை எடுக்க வந்ததாகச் சொன்னாள்.

"அண்ணே" என்றாள். "காலையில நான் சொன்னது..."

"ஒரே இரைச்சல் தங்கச்சி. எனக்குச் சரியாவே கேக்கல." காரின் கதவைத் திறந்துவிட்டார். "கண்ணாடியா? மேல சொருகி வச்சிருப்பார் பாருங்க."

வெயில் மறைப்பில் கண்ணாடிக் கூடு சொருகியிருந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் சீட்டில் கையை ஊன்றினாள். சீட் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அவள் கையை எடுத்தாள். மறுபடி ஊன்றித் தள்ளினாள். முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணெய் விட்டதுபோல் ஓடியது.

"இது நகரவே நகராதுன்னீங்களே."

"அது..."

"நானும் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! துரு, துருன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னீங்க!"

"துருவெல்லாம் இல்ல தங்கச்சி. அடியில ஒரு போல்ட்டு. அவர்தான் போடச் சொன்னார். காலையில அவரை வெளிய எடுக்க சீட்டை இன்னும் பின்னால தள்ள வேண்டியிருந்துச்சு. அதான் கழட்டினேன்."

"போல்ட்டா? எதுக்கு?"

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். துடைக்க அந்தக் கையில் ஒன்றுமில்லை.

"சீட்டு நகந்தா பொண்ணு தானே ஓட்டிட்டுப் போயிடும், அப்புறம் எனக்கு என்னய்யா வேலைன்னார்."

சட்டைப் பையிலிருந்து அந்த போல்ட்டை எடுத்து நீட்டினார். விரல் நீளம்தான். துருவே இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை வகுப்பு, எத்தனை தள்ளல், எத்தனை தலையணை! திட்டலாம் என்று பார்த்தால் திட்ட வேண்டிய ஆள் இல்லை. ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கால் கிளட்சுக்கு எட்டியது. மிதித்தாள். பிடிப்பு எதுவும் இல்லாமல் அது தரைவரை போய் அப்படியே கிடந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?"

"ஜன்னலை ஏத்துய்யா, தூசி வருதுன்னார். ஏத்திட்டுத் திரும்பினேன்." சாக்கின் மேலிருந்த இஞ்சினைக் காட்டி, "வண்டியை ஓட வைக்கலாம் தங்கச்சி. ஆனா அதுக்குள்ள இனி சத்து ஒண்ணும் இல்ல. உங்களை ஏமாத்தக் கூடாது" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்."

இறங்குவதற்கு முன் சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டாள்.

*

அம்மா கூட்டைத் திறந்து கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். கூட்டுக்குள் போல்ட் உருண்டது.

"இது என்ன?"

"வண்டியோடதும்மா."

"எதுக்கு உள்ளது?"

"சீட்டுக்கு."

அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியையும் போல்ட்டையும் ஒன்றாகவே உள்ளே வைத்துக் கூட்டை மூடினாள்.

"என்ன முடிவு பண்ணின?" என்று அண்ணன் படுத்தபடியே கேட்டான்.

"தூங்கு."

அவள் டைரியைத் திறந்து தேதி போட்டாள். ஒரு வரி எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை.

நாளை வியாழக்கிழமை. காலையில் முதல் வேலையாகப் பட்டறைக்குப் பேச வேண்டும். பிரித்துவிடச் சொல்ல வேண்டும். "வண்டியை" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.