முதல் வாங்கு

அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தலைமையாசிரியர் கணபதி, எட்டாம் வகுப்பு ஆசிரியை கமலாட்சி, மாத்தளைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த இராசமாணிக்கம், அவர் மனைவி பரிமளம், அவர்கள் மகள் இராஜகுமாரி, கொக்கோ வியாபாரி அப்துல் ஸமத். வேறு யாரும் இல்லை. ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்கள் அன்று பெய்த மழையில் அவரவர் வீட்டுக்குள் இருந்தவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை அது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் அரசாங்கம் தந்தவை அல்ல. ஊர்க் குடும்பங்கள் கோயிலுக்கு உபயம் செய்வதுபோல ஆளுக்கொரு வாங்கு செய்து கொடுத்திருந்தன. தேர்த் திருவிழாவில் உபயகாரருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இங்கும் உண்டு. முதலில் கொடுத்தவர் பிள்ளை முதல் வாங்கில் உட்காரும், பிறகு கொடுத்தவர் பிள்ளை பின்னால். ஒன்றும் கொடுக்காதவர் பிள்ளை சுவரோரம் தரையில். முதல் வாங்கு இராசமாணிக்கத்தின் தகப்பனார் அழகுமுத்து கொடுத்தது. நல்ல பலா மரம். முதுகு சாயும் பலகையில் அவர் பெயர் செதுக்கியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அதன் நடுவில் உட்கார்ந்ததில்லை.

எட்டாம் வகுப்பில் அந்த வருடம் எண்பத்தாறு பேர்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க முதலாளி" என்று கமலாட்சி ஆரம்பித்தாள். "இப்ப இருக்கிற நெலமையில இராஜகுமாரிய மார்கழிப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது."

இராசமாணிக்கம் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மகள் பாஸ் செய்து ஆசிரியப் பயிற்சிக்குப் போவாள் என்று அவர் கடைக்கு வருபவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். இந்த வருடம் எழுதாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு எடுப்பதாகக் கண்டியிலிருந்த ஐயாவு என்ற தன் அண்ணனுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிற குடும்பம் அல்ல அது. இராஜகுமாரிக்கு இரண்டும் தெரியும். தாயின் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

"தெனமும் காலையில கடையில இருந்தே கேக்குறேன் டீச்சர். வகுப்பே பாடம் சொல்லுது. அதுல எம்மக கொரல் தனியாத் தெரியும்."

"அது எண்பத்தாறு பேரு கொரலுங்க. அதுல யாருக்குத் தெரியும், யாரு சும்மா வாயசைக்கிறான்னு எனக்கே தெரியாது."

"எங்க குடும்பத்துல வாயசைக்கிறவங்க கெடையாது. நீங்களே கேளுங்க."

கமலாட்சி தயங்கினாள். கணபதி வாத்தியார் இருமினார். பிறகு கமலாட்சி மெதுவாகக் கேட்டாள்: "முக்கால் மூட்டை கொக்கோ இருக்கு. அத சின்னப் பையில போடணும். ஒரு பைக்கு மூட்டையில எட்டுல ஒரு பங்கு. எத்தன பை வேணும்?"

இராஜகுமாரி கைகட்டி நிமிர்ந்தாள். "பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க..." என்று கணீரென்று தொடங்கி நின்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாங்குகள் வெறுமையாக இருந்தன.

"எல்லாரும் சேர்ந்து சொன்னா வருது அப்பா" என்றாள்.

அப்துல் ஸமத் நாகரிகம் தெரிந்தவர். கூரையில் மழை ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஸக்கரியாவும் இப்படித்தான் முதலாளி. கடைசி வாங்கு. பலகை அவனுக்குத் தெரியிறதே இல்ல. முன்னுக்கு இருக்கிறவன்ட கழுத்தப் பத்திக் கேட்டா மட்டும் எல்லாம் சொல்லுவான்."

அதற்குத்தான் அவர் வந்திருந்தார். கமலாட்சி வகுப்பை இரண்டாகப் பிரிக்கக் கேட்டிருந்தாள். ஒரு பாதியைக் கணபதி வாத்தியாரே இங்கே எடுப்பார், மறுபாதி அவளோடு போகும். தெருமுனையில் ஸமத்தின் கொக்கோ ஸ்டோர் பாதி காலியாக இருந்தது. அதை அவர் சும்மா தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் உபயகாரக் குடும்பங்கள் எதுவும் தன் வாங்கை விட்டுப் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கவில்லை. முதல் வாங்குக்காரர் என்ன சொல்கிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கொக்கோ ஸ்டோரா?" என்றார் இராசமாணிக்கம். "ஏன் ஸமத் நானா, எலிக்கும் சேத்துப் பாடம் நடத்துவாங்களா?"

"எலி வந்தா வரட்டுமே முதலாளி. இங்க ஒரு எலி நுழையவும் எடமில்லையே."

பரிமளம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இராசமாணிக்கம் எழுந்தார். "எங்க அப்பா பேரு இருக்கிற வாங்கு எங்க இருக்கோ, அங்கதான் எம்மக இருப்பா. அதுல மாத்தம் இல்ல" என்று சொல்லிக் குடையை விரித்தார்.

வீட்டில் அன்று இராஜகுமாரி சாப்பிடவில்லை. கணவருக்கு இலையில் சோறு போட்டபடி பரிமளம் சொன்னாள்: "அந்தப் பலா மரத்துக்கு மெருகு போட வருஷா வருஷம் ஆள் அனுப்புறீங்க. அதுல ஒக்காந்திருக்கிற புள்ளைக்கு என்ன தெரியும்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தீங்களா?"

மனைவிக்குப் பதில் சொல்ல முடியாதபோது அவர் மோர் கேட்பார். அன்று இரண்டு முறை கேட்டார்.

திங்கட்கிழமை கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். கடையிலிருந்து கேட்கும்போது அழகாக இருந்த அதே ஓசைதான். பக்கத்தில் நின்று பார்க்கும்போது வேறாக இருந்தது. வாங்கோடு வாங்கு இடித்துக் கிடந்தது. கமலாட்சியால் இரண்டாம் வரிசைக்கு அப்பால் நடந்து போக வழியில்லை. பின்னால் நாலு பேருக்கு ஒரு புத்தகம். தரையில் இருந்தவர்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சந்தோஷத்தில் இருந்தார்கள்.

பாடம் முடிந்ததும் கமலாட்சி கேட்டாள்: "புரிஞ்சுதா?"

வகுப்பு முழுவதும் முதல் வாங்கைப் பார்த்தது. முதல் வாங்கின் நடுவில் இராஜகுமாரி தலையை ஆட்டினாள். உடனே எண்பத்தைந்து தலைகள் ஆடின. கமலாட்சி அடுத்த பாடத்தை எழுதத் திரும்பினாள்.

இராசமாணிக்கத்துக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். அது அவருடையது. அழகுமுத்து வீட்டுப் பிள்ளை முதல் வாங்கில் இருந்துகொண்டு எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கூடாது. சிறு வயதிலிருந்து அவர் வீட்டில் சொல்லி வளர்த்தது அதுதான். அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததால் பின்னால் இருந்த ஒருவரும் சொல்லவில்லை.

அவர் முதுகு சற்றும் வளையாமல் வாசல் வழியாக உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"டீச்சர், எங்க வாங்கு கொக்கோ ஸ்டோருக்குப் போகுது. எம்மகளும் போறா. நான் சொன்ன சொல்ல மாத்தல."

கமலாட்சி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். "மாத்தலைங்க முதலாளி" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

செய்தி கேட்டு அப்துல் ஸமத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பலா வாங்கு நல்ல கனம். கடைத்தெரு வழியாக அதைக் கொண்டு போகும்போது வெற்றிலைக் கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டார்: "என்ன முதலாளி, வாங்கு ஊர்வலம் போகுது?"

"பள்ளிக்கொடத்துக்குப் போகுது" என்றார் இராசமாணிக்கம்.

"பள்ளிக்கொடம் பின்னுக்கில்ல இருக்கு!"

"இப்ப முன்னுக்கும் இருக்கு."

மாலைக்குள் மற்றக் குடும்பங்களில் பாதிப் பேரின் வாங்குகளும் பின்னால் வந்தன. ஸமத் வீட்டிலிருந்து தரையில் இருந்த பிள்ளைகளுக்கு இரண்டு நீளப் பலகைகள் வந்தன. ஸ்டோரில் புளித்த கொக்கோ வாடை அடித்தது. எலியும் இருந்தது. ஆனால் வாங்குகளுக்கு நடுவே கமலாட்சி கடைசி வரை நடந்து போனாள். முதல் நாள் அப்படி நடந்தபோதுதான், மூன்று பிள்ளைகளின் பெயர் தனக்குத் தெரியாது என்பதை அவள் கண்டுபிடித்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். "புரிஞ்சுதா?" என்று அவள் கேட்டபோது இராஜகுமாரி தலையை ஆட்டவில்லை. எழுந்து நின்றாள். "இல்ல டீச்சர். தலைகீழாக்கிப் பெருக்குன்னு சொல்றோம். ஏன் தலைகீழாக்கணும்னு எனக்குப் புரியல."

பின்னாலிருந்து ஸக்கரியாவின் குரல் கேட்டது: "எனக்கும்தான் டீச்சர்." அதன் பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கமலாட்சி அன்று பாடம் எழுதவில்லை. மூலையில் கிடந்த ஒரு சாக்கையும் அதில் எட்டில் ஒரு பங்கு பிடிக்கிற சில பைகளையும் இழுத்துப் போட்டாள். சாக்கில் முக்கால் அளவுக்கு உமியை அள்ளி நிரப்பச் சொன்னாள். முக்கால் சாக்கு காலியாகும்வரை இராஜகுமாரி பைகளை நிரப்பிக் கட்டினாள்.

"ஆறு" என்றாள். தனியாகச் சொன்னாள்.

மார்கழியில் அவள் பரீட்சை எழுதினாள். பாஸ் செய்தாள். ஸக்கரியா அவளைவிட நல்ல புள்ளி எடுத்தான். அதை இராசமாணிக்கம் தாமே ஸமத்தின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கண்டியிலிருந்து ஐயாவு வந்து கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "வாக்குப்படி எழுதிட்டா அண்ணே. பாஸும் பண்ணிட்டா. இனி பயிற்சிக் கல்லூரிக்குப் போறா. நீங்க சாப்பிடுங்க" என்றார். அடுத்த வருடம் ஸ்டோருக்கும் மண்டபத்துக்குமாக இன்னொரு ஆசிரியரை அனுப்பச் சொல்லிக் கணபதி வாத்தியார் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

கமலாட்சி டீச்சர் அழகுமுத்து குடும்பத்து வாங்கைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வெளியே போட்டாள் என்று மாத்தளையில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். வாங்கின் ஒரு முனையைப் பிடித்தவர் இராசமாணிக்கம். மறுமுனையைப் பிடித்தவர் அப்துல் ஸமத். டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.