சரி என்று ஆடிய தலை

1

அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதியே பழகிய கை. யார் எங்கே என்று சொல்லாமல் அதற்கு அடுத்த வரி ஓடாது.

வாசலை ஒட்டிய மேசையில் நான். எனக்குப் பக்கத்தில், மடிக்கணினியில் பாட்டுகளை அடுக்கிக்கொண்டு என் மனைவி ஷாமினி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிறு பிற்பகல்களில் டாங்கோ என்கிற ஜோடி ஆட்டம் நடத்துகிறவள் அவள். நான் நாற்காலி போடுகிறவன். கண்ணாடிச் சுவரோரம் பெண்கள், எதிர்ச்சுவரோரம் ஆண்கள். பெண்கள் வரிசையின் நடுவில் மிஸஸ் லோ, எழுபதைத் தாண்டியவர், சிவப்புக் காலணி. வரிசையின் கோடியில், தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த புனிதா. அவளுக்கு நேர் எதிரே, ஏர்கோன் காற்று பிடரியில் அடிக்கிற நாற்காலியில், சுகுமாறன். இன்னும் சிலர் இருந்தார்கள். இந்தக் கதைக்கு அவர்கள் வேண்டாம்.

கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. அதை நான் பார்க்கவில்லை. அந்த நொடியில் கறிபாப் பலகாரத் தட்டுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். பார்க்காததைத்தான் எழுதுகிறேன் என்பதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது.

(சுகுமாறன், புனிதா இரண்டும் நிஜப் பெயர்கள் அல்ல. நேரில் இருவரையும் 'அவர்' என்பேன். கதைக்குள் வந்ததும் 'அவன்', 'அவள்' ஆகிவிட்டார்கள். கதை எழுதுகிற எல்லோருக்கும் இந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம், அடித்தது: 'சுகுமாறன் பயந்த சுபாவம் உள்ளவன்.'

பொய். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய், எட்டு வருடம் அங்கே டாங்கோ ஆடியவன். பங்சாரில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்து, கடல் கடந்து இந்த ஊருக்குப் புறப்பட்டபோது, பெட்டியில் முதலில் வைத்தது ஆட்டக் காலணியைத்தான். பயம் அவனோடு விமானத்தில் வரவில்லை. இங்கே வந்த பிறகு பிடித்தது.

இரண்டாம் தொடக்கம், பாதியில் விட்டது: 'ஓர் ஆண் ஒரு பெண்ணை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு'

விட்டதற்குக் காரணம், அவன் படித்தது அங்கே ஒரு சின்ன ஊரில், நான் படித்தது இங்கே பீடோரில். 'எங்களுக்கு' என்று சேர்த்து எழுதுவது முறையா தெரியவில்லை. விடை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பார்க்கவே கூடாது.

மூன்றாம் தொடக்கம், வைத்துக்கொண்டது:

டாங்கோவில் வாயால் கூப்பிடுவது மரியாதை இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். விருப்பமில்லாதவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். விருப்பமுள்ளவர் திரும்பப் பார்ப்பார். ஒருவர் தலையசைக்க, மற்றவரும் தலையசைக்க, அப்புறம்தான் எழுந்திருப்பது. கபெசெயோ என்று அதற்குப் பெயர். ஸ்பானிஷில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பாள் ஷாமினி. யாருக்கும் அவமானம் வரக்கூடாது என்று யாரோ நல்ல மனதோடு கண்டுபிடித்த முறை.

சுகுமாறன் பார்த்தான். புனிதா பார்த்தாள். மேலும் கீழுமாக, சின்னதாக, தலையசைத்தாள். அவன் மனம் நிறைந்து 'சரி' என்றான். பட்டுக்கோட்டைக் கழுத்து சரி என்பதை எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொன்னான்: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, லேசாகச் சாய்த்து, கண்ணைச் சற்று மூடி.

பாதி எழுந்திருந்த புனிதா அப்படியே நின்றாள். பிறகு, எழுந்ததே தண்ணீர் குடிக்கத்தான் என்பதுபோல ஒரு குவளையை எடுத்தாள். அவன் அறையைக் கடந்து அவள் முன்னால் வந்தபோது குவளையை வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் நடந்துவிட்டாள். பாட்டு தொடங்கியது. ஜோடிகள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சாலை நடுவில் நின்றுவிட்ட லோரியைச் சுற்றிப் போவதுபோல.

வேண்டாம் என்கிறாள் என்று அவன் நினைத்தான். வேண்டாம் என்றான் என்று அவள் நினைத்தாள்.

3

அதோடு போயிருந்தால் கதை இல்லை. டாங்கோ ஆடுகிறவன் வேண்டாம் என்பதைக் கேட்டுப் பழகியவன்தான். புனிதா மறுபடி வரவேயில்லை என்பதைக் கவனித்து, ஒரு நாள் அவன்தான் ஷாமினியிடம் கேட்டான்.

"அக்கா, அந்த கிள்ளான் மேடம் இப்பல்லாம் வர்றதில்லையா?"

ஷாமினி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களாலதான்லா வரல."

புனிதா தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொன்னாள். 'பார்க்கக் கூடாததைப் பார்த்துட்ட மாதிரி, ஐயோ நம்ம பொண்ணு இப்படியான்னு தலையை ஆட்டினாருக்கா. வெள்ளைக்காரன் ஆட்டியிருந்தா விட்டிருப்பேன். நம்ம ஆளு. இத்தனை பேர் முன்னாடி.'

சுகுமாறனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"அக்கா, நான் சரின்னு சொன்னேன்! சத்தியமா. எங்க ஊர்ல அதான் சரி!"

"எனக்குத் தெரியும்லா. நான் சொன்னேன் அவகிட்ட. கேட்டாத்தானே? 'நானும் தமிழ்தான்க்கா, தமிழாளுங்க தலை எப்படி ஆடும்னு எனக்குத் தெரியாதா'ங்கிறா."

பயம் அன்று பிடித்தது. தன்னை ஒருத்தி தள்ளிவிட்டாள் என்ற வலியை அவன் மூன்று வாரம் சுமந்துவிட்டான். தான் ஒருத்தியைத் தள்ளிவிட்டவன் என்பதைச் சுமக்க முடியவில்லை. அதைவிட மோசமான ஒன்று பின்னாலேயே வந்தது: என் தலை என்னைக் கேட்காமல் என்னென்ன சொல்லிக்கொண்டு திரிகிறது?

லிஃப்டில் பெண்கள் ஏறினால் எண் பலகையைப் பார்த்தான். ரயிலில் தன் காலணியைப் பார்த்தான். வெளிநாட்டிலிருந்து வந்து பெர்மிட்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு புகார் போதும். 'அந்த ஆள் முறைக்கிறான்' என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால், அது என் ஊரில் சரி என்று அர்த்தம் என எந்த அதிகாரியிடம் போய் விளக்குவது? பார்த்தால் ஒரு பயம், தலையசைத்தால் ஒரு பயம். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, மேலும் கீழும், மேலும் கீழும் என்று பழகினான். கண்ணாடியில் இருந்தவன் யாரோ அடிக்க வருவதுபோல முகத்தை வைத்திருந்தான்.

தோசைக் கடைப் பையன் கேட்டான்: "அண்ணே, இன்னொண்ணு போடவா?"

சுகுமாறன் நேராக, விறைப்பாக, மேலும் கீழும் அசைத்தான்.

"என்னண்ணே, கழுத்து பிடிச்சுக்கிச்சா? எண்ணெய் தடவுங்கண்ணே."

4

இங்கே எழுத்து நின்றுவிட்டது. புனிதாவை எனக்கு எழுதத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவளைக் கோபக்காரியாக எழுதினேன். சுகுமாறன் நல்லவன் என்று காட்ட அது வசதியாக இருந்தது. ஷாமினி படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டாள். "அவ எப்படி வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா? ஆறு மாசம் கிளாஸ்ல ஆடினா. ஆட்டத்துக்கு வந்தா சுவரையே பார்த்துட்டு உட்காருவா. அன்னைக்குத்தான் மொத தடவையா நிமிர்ந்து ஒரு ஆம்பளையைப் பார்த்தா. அதுக்கு முன்னாடி டாய்லெட்டுல போய் கையை அலம்பி அலம்பி..."

'அவளும் பயந்தவள்தான்' என்று எழுதினேன்.*

அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அவள் பக்கத்து நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

*(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன். 'தான்' இருக்கலாமா கூடாதா என்பதுதான் தகராறு.)

5

ஷாமினி அவனை விடவில்லை. வகுப்பில் தானே அவனோடு ஆடினாள். அணைப்பில் குறையில்லை, நடையில் குறையில்லை. "கால் நல்லாத்தான் இருக்கு, தலைக்குத்தான் வியாதி" என்றாள். ஞாயிறு ஆட்டத்துக்கும் வரவழைத்தாள். வந்தான். காலணியை மாட்டினான். பாட்டுக்குப் பாட்டு கைக்குட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தான்.

ஒரு ஞாயிறு, நான் பார்க்க, தலையைத் தூக்கினான். (இதை உண்மையாகவே பார்த்தேன். கறிபாப் அன்று இல்லை.) மிஸஸ் லோவைத் தேர்ந்தெடுத்திருந்தான், பேரப்பிள்ளை எடுத்தவர், தப்பாக நினைக்க மாட்டார் என்று கணக்கு. அவரும் பார்த்தார். தலையசைத்தார். சுகுமாறன் கழுத்தை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, இறக்கிய தலையை மறுபடி ஏற்ற முடியாமல் நாற்காலியில் அப்படியே உறைந்துவிட்டான்.

"ஏய், யூ ஓகே ஆர் நாட்?" என்று மிஸஸ் லோ அறை அதிரக் கேட்டார். "டூத் ஏக்கா?" தன் கன்னத்தைப் பிடித்துக் காட்டினார்.

அறையே சிரித்தது. காது சிவக்க அவன் எழுந்து ஓடப் பார்த்தான். அதற்குள் அந்த அம்மாள் சிவப்புக் காலணியோடு நடந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த விதியும் பார்க்கவில்லை.

நான்கு பாட்டு ஆடினார்கள். இரண்டாவது பாட்டில் அவன் தோள் இறங்கியது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார் அந்த அம்மாள். கால்கள் எதையும் மறக்கவில்லை. முடிந்ததும், "வெரி நைஸ். நெக்ஸ்ட் டைம் டென்டிஸ்ட் போயிட்டு வா" என்று தோளில் தட்டினார்.

இங்கே கதையை முடித்திருப்பேன், அவன் அன்று கிளம்பும்போது என்னிடம் வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

"அண்ணே, அவங்களா வந்து கூட்டிட்டுப் போனாங்க. நானா ஒருத்தரைப் பார்த்து, சரின்னு சொல்லி எந்திரிக்கல. அது வர்ற வரைக்கும் நான் ஆடினதா அர்த்தமில்லண்ணே."

6

முடிவு ஒன்று. அடுத்த ஞாயிறு புனிதா வருகிறாள். அதே நாற்காலி. அவன் பார்க்கிறான், அவள் பார்க்கிறாள், இருவர் தலையும் மேலும் கீழும் அசைகின்றன. பாட்டு.

ஷாமினி: "டிவி நாடகமாலா இது?"

முடிவு இரண்டு. பெர்மிட் முடிந்து அவன் ஊருக்குப் போகிறான். பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தில் யாரோ வழி கேட்க, அவன் தலை சுதந்திரமாக

ஷாமினி: "பாவம்லா, அவரை ஏன் துரத்துறீங்க? இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அவருக்கு."

முடிவு மூன்றை எழுதவில்லை. அதற்குப் பதில், எழுதிய வரைக்கும் அவரிடமே கொடுத்தேன்.

7

எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சுகுமாறன் படித்தார். கடைசித் தாள் வரை போய், மறுபடி முதல் தாளுக்கு வந்தார்.

"நேர்ல தம்பி தம்பின்றீங்க. இதுல அவன் இவன்னு போட்டுத் தாக்கியிருக்கீங்க."

"கதைக்காகத் தம்பி."

"பல்லு வலி வேணுமாண்ணே? அத எடுத்துடலாமே."

"எடுத்துடறேன்."

அந்தப் பக்கத்தைத் திருப்பி இன்னொரு முறை படித்தார். "வேணாம், இருக்கட்டும்" என்றார். அப்புறம், தாளைப் பார்த்துக்கொண்டே: "இத அந்த கிள்ளான் மேடம் படிச்சா என்ன நினைப்பாங்க?"

ஒரு பெண் வேண்டாம் என்று ஒதுங்கிப் போன பிறகு, அவள் வீட்டுக்குக் கதை அனுப்புகிற இரண்டு ஆண்கள். இதைவிடத் தப்பாக எதைப் புரிந்துகொள்ள முடியும்? ஷாமினியைத்தான் கேட்கச் சொன்னோம். அடுக்களையிலிருந்தே போன் போட்டாள். அவள் பேசி முடிக்கும் வரை சுகுமாறன் சோபாவின் நுனியில், அழைத்தால் ஓடிவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஷாமினி வந்தாள். "அனுப்பச் சொல்றா. 'ஆனா படிப்பேன்னு சொல்ல மாட்டேன்'னா."

"வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிடலாமாண்ணே?"

வேண்டாம் என்றேன். அதில் நீல டிக் விழும். படித்தார், பதில் போடவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடிதத்தில் அது கிடையாது. படிக்கலாம், கிழிக்கலாம், அலமாரியில் வைத்து மறக்கலாம். யாரும் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கடைசித் தாளில் இடம் விட்டிருந்தேன். பேனாவைச் சுகுமாறனிடம் நீட்டினேன். வெகு நேரம் எழுதினார்; வந்தது இவ்வளவுதான், அவர் எழுத்தில்:

'அன்னிக்கு நான் சரின்னுதான் சொன்னேன். உங்களுக்கு அது வேற மாதிரி தெரிஞ்சதுக்கு மன்னிக்கணும். இந்த ஞாயிறு வருவேன். நீங்க வராட்டியும் வருவேன். யாரையாவது பார்த்து எந்திரிப்பேன். வந்தா, என்னைப் பார்க்கணும்னு ஒண்ணும் இல்ல.'

அதற்குக் கீழே ஒரு பக்கம் வெற்றாக இருக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் புனிதாவாக இருந்தால் அந்தப் பக்கம் உங்களுடையது. வேறு யாராவது என்றால், தயவுசெய்து உங்கள் முடிவை எங்களிடம் சொல்ல வேண்டாம். ஞாயிறு வரை அவரால் தாங்க முடியாது.

8

இந்தப் பகுதி உறைக்குள் போகவில்லை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பிரிக்பீல்ட்ஸ் அஞ்சலகத்தில் நானும் சுகுமாறனும் நின்றோம். முகவரியை நான் எழுதினேன். தாள்களை உள்ளே வைத்து, ஒட்டும் முன் ஒரு முறை வெளியே எடுத்து, 'மன்னிக்கணும்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். உறையை ஒட்டினார். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். நன்றாகவே ஒட்டியிருந்தது, இன்னொரு முறை தேய்த்தார்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப்பெண். உறையை எடை பார்த்து, முத்திரையைக் குத்தினாள்.

"சிஸ்டர், எப்பப் போய்ச் சேரும்?" என்று கேட்டார் சுகுமாறன். இரண்டு வாரம், வேண்டாம், ஒரு வாரம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று அவர் குரல் கெஞ்சியது.

"கிள்ளான்தானே? நாளைக்கே போயிடும்லா."

"நாளைக்கேவா?"

அவர் கை கவுண்டருக்கு மேல் நீண்டது. அதற்குள் உறை அவளுக்குப் பின்னால் இருந்த சாக்குக்குள் விழுந்துவிட்டது.