மீனுக்கு ஒரு சாம்பிள்

குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம். மிச்ச ஒன்பது மாதமும் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்து, வியாபாரம் நடப்பதாக நம்பிக்கொள்வார்கள். சிப்ஸ் கடை இராமலட்சுமிக்கு அந்த டீ அலுத்துவிட்டது. அந்த ஒன்பது மாதத்துக்கென்று இந்த வருடம் ஒரு சரக்கு செய்தாள்: தூண்டிலில் குத்துகிற வாசனைச் சோளம். மக்காச்சோளத்தை ஊறப்போட்டு, தோல் கிழியாமல் வேகவைத்து, வெல்லப்பாகும் சோம்புத்தூளும் கலந்து பாட்டிலில் அடைத்தாள். மூடியைத் திறந்தால் மனுஷனுக்கே வாய் ஊறும்.

தென்காசியில் தூண்டில் சாமான் விற்கிற தங்கசாமிக்கு மட்டும் ஊறவில்லை.

"புழு திங்கிற மீனுக்குச் சோம்பு எதுக்கும்மா? சாப்பிட்டு முடிச்சா பீடாவும் மடிச்சுக் குடுப்பியோ?"

"கேட்டா குடுப்போம் அண்ணாச்சி. மொதல்ல உங்க ரேக்குல வைங்க."

கடையில் காலியாக இருந்தது ஒரே ஒரு ரேக்கு. அதன் மேல் பாக்கெட்டில் தூண்டில் மாவு விற்கிற ஒருத்தனுக்கும் கண். தங்கசாமி யோசித்தார். "ஞாயித்துக்கிழமை இலத்தூர்க் குளத்துக்கு வாரேன். என் கண்ணு முன்னால ஒண்ணு பிடிச்சுக் காட்டு."

மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள் இராமலட்சுமி. தூண்டில் அவளுக்குப் புதிதில்லை.

ஞாயிறு காலையில் கரையில் நின்று சோளத்தைக் கைகையாக அள்ளி வீசினாள். கடைப் பழக்கம். வாசலில் நிற்கிறவன் கையில் சிப்ஸைத் திணித்துவிட்டுத்தான் விலை பேசுவாள். ஒரு பாட்டில் காலி, ரெண்டு பாட்டில் காலி. தண்ணீருக்குள் மீன்கள் புரண்டு புரண்டு தின்றன. தூண்டில் தக்கை மட்டும் தியானத்தில் இருந்தது.

இருபதடி தள்ளி, துபாயிலிருந்து திரும்பி வந்த கடையநல்லூர் மசூது, மண்புழு போட்டு நாலு ஜிலேபிக் கெண்டை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி, கல்யாணப் பந்தி மாதிரில்லா போடுத! மொய் எழுத ஒருத்தனும் வரலியே!"

"உங்க புழுவப் பாருங்க பாய். அது ஓடிறப் போவுது."

அதுவரை கரையில் நின்று பார்த்த தங்கசாமி பத்தரைக்கு வண்டியை எடுத்தார். இராமலட்சுமி குறுக்கே போய் நின்றாள்.

"அடுத்த ஞாயிறு வாங்க அண்ணாச்சி."

"அதான் பாத்தாச்சே."

"மாட்டலைன்னா சோளம்னு உங்க கடைப் பக்கம் வரமாட்டேன். மாட்டுச்சுன்னா அந்த ரேக்கு எனக்கு. அதுவும் முன்பக்கம்."

"தோத்துப்போயிட்டு வெலையக் கூட்டுதியே!" என்றார் தங்கசாமி. ஆனாலும் சரி என்றார். "அடுத்த ஞாயிறுதான் கடைசி."

புதன்கிழமை அவள் கடை வாசலில் அதிசயமாக ஒரு பஸ் நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். நேந்திரங்காயில் ஒரு கை, பலாவில் ஒரு கை, அல்வாவில் ஒரு விரல். எல்லாம் ருசி பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "சூப்பர்க்கா, வயிறு ரொம்பிருச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கினார்.

காலித் தட்டோடு நின்ற இராமலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அடிப் பாவி, குளத்திலும் இதைத்தானே செய்தோம்! வயிறு நிறைந்தவன் எதற்குக் கொக்கிப் பக்கம் வருவான்?

வியாழன், வெள்ளி, சனி. கடை திறக்கும் முன்னே மேலகரத்து வீட்டிலிருந்து பஸ் பிடித்து இலத்தூர் போனாள். அதே இடம், அதே நேரம், எண்ணி ஐந்தே ஐந்து சோள மணி வீசினாள். ஆறாவது கேட்டு வருகிறவன் பசியோடு போகட்டும் என்று திரும்பிவிட்டாள். கண்டக்டர், "குளத்துல என்னக்கா நேர்த்திக்கடன்?" என்று கேட்டார். "ஆமா, ஞாயித்துக்கிழமை நிறைவேறும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து சோள மணிதான் வீசினாள். ஆறாவதைத் தோலோரமாகக் குத்தி, கொக்கி முனை வெளியே தெரியும்படி விட்டாள்.

"என்ன தங்கச்சி, பந்தியச் சுருக்கிட்ட?" என்றார் மசூது.

தக்கை பக்கவாட்டில் நகர்ந்தது. நின்றது. பிறகு சட்டென்று தண்ணீருக்குள் போனது. இழுத்துப் பிடித்தாள். கம்பு வில்லாக வளைந்தது. கரையில் வந்து விழுந்தது ரெண்டு கிலோ ரோகு, உதட்டில் மஞ்சள் மணியோடு.

தங்கசாமி மீனின் வாயை விரித்து, நகை மாற்றுப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒண்ணு மாட்டுறது அதிர்ஷ்டம்மா."

மூன்று நாள் பஸ் ஏறியவளிடம் அதிர்ஷ்டம் என்றால்? இராமலட்சுமி புதுச் சோளம் ஒன்றைக் குத்தி, கம்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"அப்ப நீங்களே பிடிங்க."

கால் மணி நேரத்தில் தங்கசாமி முழங்கால் தண்ணீரில் நின்றார். வேட்டி மிதந்தது. கம்பு ஆடியது.

"நாளைக்கு எத்தன பாட்டில் அண்ணாச்சி?"

"ஏம்மா, பேசாத, இழுக்குது!"

"முன்பக்க ரேக்கு."

"வையி, வையி!"

"அம்பது பாட்டில் இறக்குதேன்."

"நூறு இறக்கு! மொதல்ல அந்த வலைய எடும்மா, நரம்பு அந்துறப் போவுது!"

வலையை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, இராமலட்சுமி தண்ணீரில் இறங்கினாள்.