சாக்கடைக்குக் கால் முளைத்த தெரு

வருஷத்துக்கு ஒருமுறை நகரசபையின் குதிரைவீரன் ஈட்டியைச் சேணத்தின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவான். குதிரை நடுத்தெருவில்தான் நடக்க வேண்டும். ஈட்டி எந்த வீட்டில் இடிக்கிறதோ, அந்த வீட்டின் நீட்டலை அன்றைக்கே உடைத்துத் தள்ளிவிடுவார்கள். கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற ஊர். ஆளாளுக்கு ஒரு முழம் தெருவைத் தின்றால், தீப்பிடிக்கும்போது தண்ணீர் வண்டி எந்த வழியாகப் போகும்?

நெசவுக்காரி பேலாவின் தறி, தெருப்பக்கம் நீட்டிக் கட்டிய முன்னறையில் இருந்தது. அந்த வீட்டில் வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான். அது போனால் அவள் பிழைப்பும் போயிற்று. இத்தனை வருஷமும் ஈட்டி அதைத் தொடாமல்தான் போனது. இந்த வருஷம் தொட்டுவிடும். எதிர்வீட்டு மது வியாபாரி டில்மன், வாசலுக்குக் கல் பாவுகிற சாக்கில், தெரு நடுவே ஓடிய சாக்கடையை இவள் பக்கமாக ஒதுக்கிவிட்டுத் தன் கடைப்பலகையை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். குதிரைவீரன் கோபெலுக்கோ சாக்கடைதான் தெருவின் நடு.

கோபெல் சாக்கடையை ஒட்டியே வந்துகொண்டிருந்தான். பின்னால் கடப்பாரையும் கையுமாகத் தச்சர்கள். பேலா ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"ஏம்மா, சாகணும்னு ஆசையா? விடு!"

"சாகறதுக்கு ஏதுங்க நேரம்? தறியில துணி பாதியில நிக்குது. நீங்க நடுவுல வரலைங்க ஐயா."

"சாக்கடை நடுவுலதானே ஓடுது?"

"அது போன வருஷம். இப்ப அதுக்குக் கால் முளைச்சிருச்சு."

வாசலுக்கு வாசல் சிரிப்பு கிளம்பியது. டில்மன் கடைப்பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "அப்ப நடு எங்க இருக்கு பேலாம்மா? உன் அடுப்படியிலயா?" என்றான்.

"ஆத்துப் பக்கத்துக் கோட்டை வாசல்ல இருக்கு. கோட்டை கட்டினப்புறம்தானே தெரு வந்தது? வாசல் வளைவுக்கு நடுவுலேர்ந்து அந்தக் கோடிக் கோயில் கதவு நடு வரைக்கும் நூல் பிடிப்போம். வாசலை நகர்த்த உங்களாலகூட முடியாதே!"

"நூலைப் பிடி! நூலைப் பிடி!" என்று தெருவே கத்தியது. கோபெல் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"டில்மன், உமக்கு ஏதும் மறுப்பு உண்டா?"

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயந்தவன் மாதிரி நிற்க டில்மனுக்கு மனசு வரவில்லை. "எனக்கென்ன? தாராளமா இழுக்கட்டும்!" என்று சொல்லிவிட்டான்.

பேலா நூலுருண்டையைக் கொடுத்தாள். கைமாறிக் கைமாறி நூல் தெரு நீளத்துக்கும் விறைத்து நின்றது. சாக்கடை எங்கேயோ ஓரத்தில் கிடந்தது. கோபெல் கோட்டை வாசலடிக்குப் போய்த் திரும்பி, நூலை ஒட்டியே குதிரையை நடத்தினான்.

பேலா தன் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். ஈட்டியின் முனை அவள் ஜன்னல் சட்டத்தை நெருங்கியது. ஒரு விரல் இடைவெளியில் கடந்து போயிற்று.

அடுத்த கணம் எதிர்ப்பக்கம் படாரென்று ஒரு சத்தம். டில்மனின் பலகை பிளந்தது. ஜாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு உடைந்தன.

"ஐயையோ, என் மது!"

"தச்சரே, இங்க வாங்க," என்றான் கோபெல், சட்டையில் தெறித்த மதுவை நக்கிப் பார்த்தபடி. "தண்ணி நிறையக் கலந்திருக்கீரே டில்மன்!"

தெரு அதிரச் சிரித்தது. யார் யாரோ வந்து பேலாவைத் தூக்கிச் சுற்றினார்கள். "விடுங்கடி, துணி நிக்குது!" என்று திமிறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கடப்பாரைச் சத்தத்தையும் மீறி அவள் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அன்றைக்கு அவள் அடித்த அடி, ஆற்று வாசல் காவலர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.