உன்னை, என்னை

அச்சகத்தில் பிழை பார்க்கும் அவளுக்கு 'டிகிரி' என்று பேர் வைத்தவர் மெஷின் மாஸ்டர். நாலு வருடத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, "எங்க பரம்பரையிலேயே பட்டம் வாங்குன மொத ஆளு" என்று அவள் அப்பா வாசலில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டுப் போனதன் பலன்.

பிழை பார்ப்பவர் கதைக்குள் போகக் கூடாது; எழுத்தை மட்டும் மேய வேண்டும். ஆனால் இந்த நாவல் அவளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்து, கடவுளோடு பேச்சை முறித்துக்கொண்ட ஒரு தையல்காரியின் கதை. ஒரு வாரமாக டிகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

அவளும் பேச்சை முறித்தவள்தான். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, கொத்தனார் அப்பா மூன்று நாள் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தார். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் கையை விரித்தார். அன்றிலிருந்து அவளுக்குக் கடவுளும் வேண்டாம், வீட்டில் சாயங்காலப் பிரார்த்தனையும் வேண்டாம். அப்பாவிடம் "சோறு இருக்கு", "பூட்டிட்டுப் போறேன்". அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டின்போது கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தாள். தையல்காரியின் மகள் சொல்கிறாள்: 'அம்மா, நீ கடவுளை மன்னித்துவிட்டாய். நான் மாட்டேன்.'

கடவுளையா?

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். காலையில் தையல்காரி சொல்லும் ஒரு வரியைத் திருத்தியிருந்தாள். 'கடவுளே, உன்னை மன்னித்துவிட்டேன்.' டைப் செய்தவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, சிவப்பு மையால் அடித்து, 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

"நிறுத்துங்க மாஸ்டர்!"

"பிளேட்டு ஏத்தியாச்சு. ஒரு எழுத்துக்கா இந்த ஆட்டம்?"

"எழுத்து இல்ல, அந்தக் கதையோட உசுரே அதுல இருக்கு. தப்பு என்னோடது. கத்துறதுன்னா அப்புறம் கத்துங்க."

மாஸ்டர் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினார். "டிகிரியே தப்பு பண்ணா நாங்கள்லாம் எங்க போறது?" என்று முனகிக்கொண்டே புதுப் பிளேட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

வரி பிழைத்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கடவுளே வேண்டாம் என்று மூன்று வருடமாக வீறாப்பாகத் திரிந்தவள், யாரும் கேட்காமலே அவருக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறாள். சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சொன்ன வார்த்தை, 'என்னை மன்னித்துவிடு'. வாய்தான் நிறுத்தியிருந்தது, கை இன்னும் அப்பா மகளாகவே இருந்திருக்கிறது. தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

திருத்திய தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா சிமெண்ட் காய்ந்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிரார்த்தனைக்குப் பாயை விரித்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன் போட்டாள்.

"படி."

மூன்று வருடத்தில் அவள் சொன்ன புது வார்த்தை. அவர் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தப்பா அடிச்சிருக்கான். நீதான் சரி பண்ணிட்டியே, சிவப்புல?"

"இல்லப்பா. நான் பண்ணதுதான் தப்பு. அவன் அடிச்சதுதான் சரி."

"கடவுளைப் போய் நாம மன்னிக்கிறதா? அவரு என்ன தப்பு பண்ணாரு?"

"அம்மா."

அப்பா தாளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"அது அவரு பண்ண தப்பு இல்ல பாப்பா. நான் பண்ணது. வண்டி புடிக்காம உக்காந்திருந்தது நானு. தெனமும் அதைத்தானே கேக்குறேன், மன்னிச்சிடுன்னு."

"யாருகிட்ட கேக்குற? செத்தது அவரோட அம்மாவா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்று தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு புரளவுமில்லை. அந்தத் தையல்காரிக்கே இருநூறு பக்கம் ஆனது. உள்ளே போகத்தான் நினைத்தாள். ஆனால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உன் பிரார்த்தனையைப் பண்ணு. நான் கண்ணை மூட மாட்டேன்."

"மூடாத."

அப்பா கண்ணை மூடினார். "கடவுளே..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு 'எ' என்று விரிந்தது, நின்றது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்து, கூப்பிய கையோடு அவள் பக்கம் திரும்பினார்.