காலிக் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பட்டியலைப் போடும் புரோகிராம் நான் எழுதியது. மதிப்பெண் குறைந்தவர்களில் தொடங்கி எல்லோரையும் வரிசைப்படுத்தி, முதல் பன்னிரண்டு பேரை நேராக மேனேஜருக்கு அனுப்பிவிடும். பெயர்களை நான் பார்க்கக் கூடாது. கணக்குப் போடுபவன் என்பதால் எனக்கு மட்டும் மதிப்பெண் போடுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன மாதம் நான் அதை எழுதிய புள்ளியியல் கணினி மொழிக்குப் புதிய பதிப்பு வந்தது. எந்தப் புண்ணியவானோ வரிசைப்படுத்தும் கட்டளையில் கை வைத்திருக்கிறான். முன்பெல்லாம் மதிப்பெண் இல்லாத காலிக் கட்டங்கள் கடைசியில் போய் நிற்கும். இப்போது முதலில் வந்து நிற்கின்றன. மாற்றக் குறிப்பைப் படிக்காமலே நிறுவித் தொலைத்தேன்.

வேலைநீக்கக் கடிதத்தோடு ஒருத்தி மாடிப்படியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. பிரசவ விடுப்பில் இருந்தவர்களுக்கு இந்த வருடம் மதிப்பெண்ணே கிடையாது.

மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பதினோரு பேருக்குக் கடிதம் குடுத்தாச்சு. இப்ப திருப்பி வாங்கினா மானம் கப்பலேறிடும்," என்றார். "கம்ப்யூட்டர் சொன்னதாவே இருக்கட்டும். வெளிய சொல்ல மாட்டீங்களே?"

அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. என் நாற்காலியும் நினைவுக்கு வந்தது.

"நான் ஏன் சார் வாயத் தொறக்கப் போறேன்?"

அவர் மேசை டிராயரிலிருந்து பன்னிரண்டாவது உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உங்க கட்டமும் காலிதான். நல்லவேளை, வாயத் தொறக்க மாட்டேன்னு நீங்களே சொல்லிட்டீங்க."